இருபது வயதில் ஒரு வீட்டுக்குத் தலைவர்: அமெரிக்க ஃப்ரட்டர்னிட்டி நிர்வாகிகளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

2024 அக்டோபரில் பென்சில்வேனியா மாநில நீதிமன்றம் ஒன்று இரண்டு இளைஞர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. இரண்டு மாதம் முதல் நான்கு மாதம் வரை சிறை, அப்புறம் மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. வழக்குக்குக் காரணம் 2017 இல் நடந்த ஒரு புதிய மாணவரின் மரணம். அப்போது இருவரும் பென் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள். பீட்டா தீட்டா பை என்ற ஃப்ரட்டர்னிட்டியின் (மாணவர் சகோதரத்துவச் சங்கத்தின்) கிளைக்கு ஒருவர் தலைவர், மற்றவர் துணைத்தலைவர். தண்டனை வந்து மூன்று மாதத்துக்குள், டிசம்பர் 23 அன்று, கல்லூரிச் சங்கங்களில் புதியவர்களைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிரான 'ஸ்டாப் கேம்பஸ் ஹேஸிங் ஆக்ட்' என்ற மத்தியச் சட்டத்தில் அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்டார்.

மாணவர் சங்கப் பொறுப்பில் இருந்ததற்காக ஒருவர் ஏன் சிறைக்குப் போக வேண்டும்? அப்படி என்ன அமைப்பு இது? அதில் நிர்வாகியாக இருக்கும் இருபது வயதுப் பையனுக்கு எந்தத் திறமை இருந்திருந்தால் ஓர் உயிர் போயிருக்காது? 'தலைமைத்திறன்' என்ற சொல்லை ஃப்ரட்டர்னிட்டிகள் தங்கள் துண்டறிக்கைகளில் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. அந்தச் சொல்லுக்கு நடைமுறையில் என்ன பொருள் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஃப்ரட்டர்னிட்டி என்பது என்ன?

கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சகோதரத்துவச் சங்கம் அது. பெண்களுக்கானதை சொராரிட்டி என்பார்கள். முதல் கிரேக்க எழுத்துச் சங்கமான ஃபை பீட்டா கப்பா 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கியது. அது பிற்காலத்தில் படிப்பில் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாக மாறிவிட்டது. இன்று நாம் செய்திகளில் காணும் வகையின் வேர், நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825 இல் உருவான கப்பா ஆல்ஃபா சொசைட்டியில் இருக்கிறது.

எல்லாமே ஒரே மாதிரியான சங்கங்களும் இல்லை. கறுப்பின மாணவர்களை மற்ற சங்கங்கள் சேர்க்காத காலத்தில், 1906 இல், கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா பிறந்தது. மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினர். தெற்காசிய வம்சாவளி மாணவர்களுக்காக 1998 இல் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டெல்டா எப்சிலான் சை தொடங்கியது. அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இத்தகைய சங்கங்களிலும் சேர்கிறார்கள், பழைய சங்கங்களிலும் சேர்கிறார்கள். ஆகவே இது நம் வீடுகளுக்கும் தொடர்புள்ள விஷயம்தான்.

சில சொற்களைத் தெரிந்துகொண்டால் மேலே படிப்பது எளிது.

1. சாப்டர்: ஒரு கல்லூரியில் இயங்கும் கிளை. தேசியத் தலைமையகம் தரும் சார்ட்டர் என்ற அங்கீகாரம் இருக்கும்வரைதான் அது உயிரோடிருக்கும்.
2. ரஷ், பிட், பிளெட்ஜ்: ரஷ் என்பது ஆள் சேர்க்கும் பருவம். பிட் என்பது சேர அழைக்கும் கடிதம். அதை ஏற்றவர் பிளெட்ஜ். இப்போது 'புதிய உறுப்பினர்' என்றே சொல்லச் சொல்கிறார்கள். சில வாரப் பயிற்சிக்குப் பின் சடங்கு நடத்தி முழு உறுப்பினராக்குவார்கள்.
3. ஹேஸிங்: அந்தப் பயிற்சிக் காலத்தில் புதியவரை அவமானப்படுத்துவது, அடிப்பது, அளவுக்கு மீறிக் குடிக்க வைப்பது.

ஹேஸிங் என்றதும் நமக்கு ராகிங் நினைவுக்கு வரும். 1996 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டதையும், அடுத்த ஆண்டு தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்ததையும் மறந்திருக்க மாட்டோம். கொடுமை ஒன்றுதான், ஆனால் அமைப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. ராகிங்கில் விடுதிக்கு வந்த புதியவர் தானாக மாட்டிக்கொள்கிறார், செய்பவர்களுக்குப் பதவி எதுவும் கிடையாது. ஹேஸிங்கிலோ ஒரு சங்கம் இருக்கிறது, தேதி குறித்த நிகழ்ச்சி நிரல் இருக்கிறது, சந்தாப் பணம் இருக்கிறது, வாக்குப்பெட்டியில் தேர்வான நிர்வாகிகள் இருக்கிறார்கள். யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கே எழுத்தில் பதில் இருக்கிறது.

யார் எதற்குப் பொறுப்பு?

தலைவர், துணைத்தலைவர், செயலர், பொருளாளர் என்பவை எல்லாச் சங்கங்களிலும் உள்ளவைதான். ஃப்ரட்டர்னிட்டிக்கே உரிய பதவிகள் வேறு சில. ஆள் சேர்ப்புக்கு ரஷ் சேர் ('சேர்' என்றால் பொறுப்பாளர்). விருந்துகளுக்கு சோஷியல் சேர். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள ஹவுஸ் மேனேஜர். புதியவர்களைப் பயிற்றுவிப்பவர் முன்பு பிளெட்ஜ் மாஸ்டர் என்று அழைக்கப்பட்டார். ஆபத்துத் தடுப்புக்கு ரிஸ்க் மேனேஜர்.

இந்த வரிசைக்கு மேலே பெரியவர்களும் உண்டு. பழைய மாணவர்களில் ஒருவர் ஆலோசகர். வீடு பெரும்பாலும் பழைய மாணவர்கள் நடத்தும் தனி நிறுவனத்தின் பெயரில் இருக்கும். தேசியத் தலைமையகம் எங்கோ தொலைதூர நகரில். பல்கலைக்கழகத்தில் இதற்கென ஓர் அலுவலகம். தாளில் பார்த்தால் நான்கு அடுக்குக் காவல். ஆனால் வியாழக்கிழமை இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்குள் நடப்பதைத் தடுக்கும் இடத்தில் இருப்பது மாணவ நிர்வாகிகள் மட்டும்தான். அமெரிக்காவில் மது அருந்தும் வயது 21. வீட்டில் இருப்பவர்களில் பலருக்கு அந்த வயது ஆகியிருக்காது. நிர்வாகிகளில் சிலருக்கே ஆகியிருக்காது.

அவர்கள் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது? சம்பளம் கொடுப்பதில்லை, மதிப்பெண் போடுவதில்லை. அதட்ட வேண்டிய ஆள் பக்கத்து அறையில் தூங்குகிற நண்பன். ஓராண்டு முடிந்ததும் பதவி போய்விடும், நட்பு தொடர வேண்டும். இந்தப் பதவியின் கஷ்டம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. மேடைப் பேச்சும் ஊக்கமூட்டும் வாசகங்களும் இதற்கு உதவுவதில்லை.

2017 பிப்ரவரி 2, இரவு

அன்று பென் ஸ்டேட்டின் பீட்டா தீட்டா பை வீட்டில் பிட் ஏற்பு இரவு. 14 புதியவர்கள். அவர்களில் ஒருவர் 19 வயது டிமோதி பியாஸா. வரிசையாக நிறுத்தங்கள் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மதுவை வேகமாகக் குடிக்க வைக்கும் 'கான்ட்லெட்' என்ற ஓட்டம் நடந்தது. 82 நிமிடத்தில் பியாஸாவுக்கு 18 முறை மது கொடுக்கப்பட்டதாக விசாரணையில் வெளிவந்தது. அது மது கூடாது என்று விதி வைத்திருந்த வீடு என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

இரவு பதினொரு மணிக்குள் பியாஸா நிலவறைப் படிக்கட்டில் விழுந்தார். தூக்கிவந்து சோஃபாவில் போட்டார்கள். மல்லாந்து கிடந்து வாந்தியில் மூச்சுத் திணறக் கூடாது என்று, புரண்டுவிடாதபடி முதுகில் பொருள்கள் நிரப்பிய பையை மாட்டினார்கள். மருத்துவ உதவி தேவை என்று ஓர் இளைய உறுப்பினர் வற்புறுத்தினார். அவரைச் சுவரோடு தள்ளிவிட்டார்கள். இரவெல்லாம் பியாஸா எழுந்தும் விழுந்தும் தடுமாறியதை வீட்டின் கண்காணிப்புக் கேமராக்கள் பதிவு செய்தன. காலையில் நிலவறையில் உணர்வற்றுக் கிடந்தவரைக் கண்ட பிறகும் ஏறத்தாழ நாற்பது நிமிடம் கழித்தே அவசர உதவி எண்ணான 911 ஐ அழைத்தார்கள். முதல் வீழ்ச்சிக்கும் அந்த அழைப்புக்கும் இடையே கிட்டத்தட்ட 12 மணி நேரம். மண்ணீரல் கிழிந்திருந்தது, தலையில் பலத்த காயம். பிப்ரவரி 4 அன்று அவர் இறந்தார்.

வீட்டில் அத்தனை பேர் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிட்டுப் போனால் மனது ஆறலாம், ஆனால் அடுத்த மரணத்தைத் தடுக்க அது உதவாது. பையை மாட்டிவிட்டவர்களுக்கு அவர் இறந்துவிடக் கூடும் என்ற பயம் இருந்திருக்கிறது. பயம் இருந்தும் தொலைபேசியை எடுக்கவில்லை. ஏன்?

கூட்டமாக இருக்கும்போது மனது எப்படி வேலை செய்கிறது?

1. பொறுப்பு கரைந்துபோகிறது. 1968 இல் ஜான் டார்லி, பிப் லத்தானே என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். வேறு அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவது இன்டர்காம் வழியே கேட்கிறது. கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அந்த ஓசை அடங்குவதற்குள் உதவி தேடிப் போனார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியவர்களில் அப்படிப் போனவர்கள் 31 சதவீதம். நாற்பது பேர் இருக்கும் வீட்டில் 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்ற எண்ணம் எவ்வளவு கனமாக உட்கார்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2. பட்ட கஷ்டம் பற்றாக மாறுகிறது. 1959 இல் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு குழுவில் சேரக் கூச்சம் தரும் கடும் தேர்வைத் தாண்டியவர்கள், சுவாரசியமே இல்லாத அந்தக் குழுவின் உரையாடலை மற்றவர்களைவிட அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். இவ்வளவு பட்டுச் சேர்ந்தது வீண் என்று ஒப்புக்கொள்ள மனது மறுக்கிறது. 'நாங்களும் இதைத் தாண்டித்தான் வந்தோம்' என்ற வாக்கியம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

3. நடப்பதற்கு அவர்கள் அந்தப் பெயரே வைப்பதில்லை. மெய்ன் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் ஆலன், மேரி மேடன் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், சங்கங்களிலும் அணிகளிலும் இருக்கும் மாணவர்களில் 55 சதவீதம் பேர் ஹேஸிங்குக்கு உள்ளாகியிருந்தார்கள். அனுபவித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் தங்களுக்கு நடந்ததை ஹேஸிங் என்று கருதவில்லை.

மூன்றையும் சேர்த்தால் அந்த 12 மணி நேரம் ஓரளவு புரியும். புரிவது மன்னிப்பது ஆகாது. ஆனால் நிர்வாகிக்கு எதில் பயிற்சி வேண்டும் என்பது இதிலிருந்துதான் தெரிகிறது.

சட்டம் எப்படி மாறியது?

பியாஸாவின் பெயரில் பென்சில்வேனியா 2018 அக்டோபரில் புதுச் சட்டம் கொண்டுவந்தது. கடுங்காயமோ மரணமோ விளைவிக்கும் ஹேஸிங் இப்போது அங்கே பெருங்குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை. குற்றம் நிரூபணமானால் சங்கத்தின் வீட்டையே பறிமுதல் செய்யலாம். அதே சட்டத்தில், உதவி கேட்டு அழைத்து மருத்துவ உதவி வரும்வரை பாதிக்கப்பட்டவருடன் இருப்பவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பும் உண்டு. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2017 செப்டம்பரில் இறந்த மேக்ஸ் க்ரூவர் பெயரில் லூசியானாவிலும், 2018 இல் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் இறந்த காலின் வியான்ட் பெயரில் ஓஹையோவிலும் சட்டங்கள் வந்தன. ஒவ்வொரு சட்டத்தின் தலைப்பிலும் ஒரு பிள்ளையின் பெயர் இருக்கிறது.

2024 இன் மத்தியச் சட்டம் தண்டனையைப் பற்றியது அல்ல, வெளிப்படைத்தன்மையைப் பற்றியது. மத்திய அரசின் கல்வி உதவி பெறும் கல்லூரிகள் எல்லாம் ஹேஸிங் புகார்களை ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கையில் எண்ணிக்கையாகச் சேர்க்க வேண்டும். விதிமீறியதாக முடிவான சங்கங்களின் பெயரைத் தனி அறிக்கையாகவும் வெளியிட வேண்டும். சட்டம் தரும் வரையறையில் நிர்வாகிகள் மனப்பாடம் செய்ய வேண்டிய இடம் ஒன்று உண்டு: பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா இல்லையா என்பது பொருட்டே அல்ல. 'அவன் விரும்பித்தானே குடித்தான்' என்பது இனி பதிலாகாது.

அப்படியானால் எந்தத் திறன்கள்?

1. முடிவை முன்கூட்டியே எடுத்து வைப்பது. மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம் என்று நினைக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு, பாதிப் பேர் போதையில் இருக்கும் வீட்டில் உட்கார்ந்து விவாதித்தால் பிழையான முடிவுதான் வரும். ஆகவே விவாதத்தை மதியம் மூன்று மணிக்கு, வாரங்களுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். தலையில் அடிபட்டவர், எழுப்பினால் விழிக்காதவர், தடுமாறி மூச்சு விடுபவர் என்றால் 911 ஐ அழைக்க வேண்டும். யார் அனுமதியும் தேவையில்லை, நேற்றுச் சேர்ந்தவரும் அழைக்கலாம். இதைச் சாப்டர் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றிச் சுவரில் ஒட்ட வேண்டும். அன்றிரவு குடிக்காமல் இருக்கப்போகிறவர்கள் யார் யார், அழைக்க வேண்டியவர் யார் என்று பெயர் போட்டு ஒதுக்க வேண்டும். 'யாராவது' என்ற சொல் இருக்கும்வரை யாரும் வர மாட்டார்கள். அந்த இடத்தில் ஒரு பெயர் வந்ததும் நிலைமை மாறுகிறது. பென் ஸ்டேட்டில் உதவி கேட்ட அந்த இளைய உறுப்பினரின் பின்னால் இப்படி ஒரு தீர்மானம் இருந்திருந்தால், அவரைத் தள்ளிவிடுவது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

பிடிபட்டால் சாப்டரே போய்விடும் என்ற பயம்தான் அழைப்பைத் தாமதப்படுத்துகிறது. இந்தக் கணக்கை நிர்வாகி உறுப்பினர்களுக்கு உரக்கப் போட்டுக் காட்ட வேண்டும். குறைந்த வயதில் குடித்தவர்கள் உதவிக்கு அழைத்தால் தண்டிக்காமல் விடும் விதிகள் பல மாநிலங்களில் இருக்கின்றன. அழைத்த வீட்டுக்கு நோட்டீஸ் வரலாம், இடைநீக்கம் வரலாம். அழைக்காத பீட்டா தீட்டா பை கிளையைப் பென் ஸ்டேட் நிரந்தரமாகத் தடை செய்தது.

2. நண்பனிடம் 'கூடாது' என்று சொல்வது. இதைப் பிறவிக் குணம் என்று பலர் நினைக்கிறார்கள். பழகினால் வரும். எல்லோர் முன்னாலும் அதட்டினால் எதிராளி வீராப்புக்காகவே முரண்டு பிடிப்பான். தனியே அழைத்துப் பேசினால் பாதி வேலை முடிந்தது. 'இது என் விருப்பம் இல்லை, நாம் கூடி எடுத்த தீர்மானம்' என்று சொல்ல முடிந்தால் நட்புக்கும் பதவிக்கும் நடுவே மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. தனியாளாக எதிர்ப்பதைவிட இரண்டு பேர் சேர்ந்து எதிர்ப்பது பல மடங்கு எளிது. நிர்வாகக் குழு முதலில் தமக்குள் ஒரே குரலில் பேசப் பழக வேண்டும்.

3. எடுத்த இடத்தில் வேறொன்றை வைப்பது. தடை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. கறுப்பின மாணவர்களின் தேசியச் சங்கங்களைக் கொண்ட கூட்டமைப்பு 1990 இல் பழைய பிளெட்ஜ் முறையை முற்றாக ஒழித்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் பல இடங்களில் அது ஒழியவில்லை, ஒளிந்துகொண்டது. சிக்மா ஆல்ஃபா எப்சிலான் என்ற ஃப்ரட்டர்னிட்டி 2014 இல் பிளெட்ஜ் காலத்தையே நீக்கியது. தேசிய அளவில் முடிவெடுப்பது தலைமையகத்தின் வேலை. அந்த வெற்றிடத்தை நிரப்புவது ஒவ்வொரு வீட்டின் புதியவர் பயிற்சிப் பொறுப்பாளரின் வேலை.

புதியவர்கள் ஏதோ ஒன்றைத் தாண்டிவந்த உணர்வைத் தேடித்தான் வருகிறார்கள். அது நியாயமான ஏக்கம். சேர்ந்து ஒரு வீட்டைப் பழுதுபார்ப்பது, பல நாள் மலைநடை, ஒவ்வொரு மூத்த உறுப்பினருடனும் தனியே உட்கார்ந்து பேசுவது என்று கடினமான, ஆனால் அவமானமில்லாத வேலைகள் எத்தனையோ உண்டு. பிரித்தறிய எளிய வழி: புதியவர் செய்வதை மூத்தவரும் கூடவே செய்கிறாரா? செய்தால் பெரும்பாலும் அது பயிற்சிதான். மூத்தவர் நின்று வேடிக்கை பார்த்தால் சந்தேகப்பட வேண்டும்.

4. கூட்டம் நடத்துவது. ஹென்ரி மார்ட்டின் ராபர்ட் 1876 இல் வெளியிட்ட கூட்ட நடைமுறை விதிகளை இன்றும் பல சாப்டர்கள் பின்பற்றுகின்றன. தீர்மானம், வழிமொழிதல், விவாதம், வாக்கெடுப்பு. சலிப்பாகத் தோன்றலாம். உரத்த குரல்காரர்கள் நாலு பேர் வீட்டை இழுத்துச் செல்வதைத் தடுக்கவும், வாய் திறக்காதவரின் வாக்கும் எண்ணப்படவும் இதுதான் வழி.

5. பணம். பொருளாளர் சந்தா வசூலிக்கிறார், காப்பீட்டுத் தொகை கட்டுகிறார். காப்பீட்டு ஒப்பந்தத்தை அவர் ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். விதியை மீறிய செயல்களுக்கும் ஹேஸிங்குக்கும் காப்பீடு பொருந்தாது என்ற பிரிவு இருப்பது வழக்கம். அப்படியானால் இழப்பீட்டு வழக்கு நேராக மாணவர் தலையில், சில நேரம் பெற்றோரின் வீட்டுக் காப்பீட்டில் வந்து விழும்.

6. கைமாற்றிக் கொடுப்பது. ஆண்டுதோறும் நிர்வாகம் மாறுகிறது. ஒரு நல்ல தலைவர் கட்டியெழுப்பிய பழக்கம் அவரோடு பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. கெட்ட பழக்கமோ 'பாரம்பரியம்' என்ற பெயரில் எழுதாமலேயே கைமாறுகிறது. இதைச் சமன்செய்ய ஒரே வழி எழுதி வைப்பது. என்ன நடந்தது, எது தவறிப்போனது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு பதவிக்கும் ஒரு கோப்பு. புதியவர் பொறுப்பேற்கும் முன் பழையவரோடு சில வாரமாவது சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது?

சேர நினைக்கும் மாணவரோ பெற்றோரோ, கல்லூரியின் இணையதளத்தில் ஹேஸிங் வெளிப்படைத்தன்மை அறிக்கையைத் தேடலாம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். சங்கத்தின் பெயர், நடந்தது என்ன, விதித்த தண்டனை, சம்பவத் தேதி, விசாரணை தொடங்கி முடிந்த தேதிகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரே பெயர் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயரே இல்லாவிட்டாலும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். குற்றம் உறுதியானவை மட்டும்தான் அதில் வரும். அப்புறம் ரஷ் காலத்தில் அந்த வீட்டுக்குப் போய்த் தலைவரிடம் நேராக ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே இரவில் ஒருவர் மயங்கி விழுந்தால் யார் 911 ஐ அழைப்பார்?" ஒரு பெயரோ, 'முதலில் பார்ப்பவர்' என்ற பதிலோ உடனே வருகிறதா, அவர் யோசிக்க ஆரம்பிக்கிறாரா என்று கவனியுங்கள்.